பசை டீச்சர்

‘பசை டீச்சர்’ என்ற பட்டம் அவருக்குக் கடைசி வருடத்தில்தான் வந்தது. அதற்கு முன்னால் அவர் ‘ரிப்போர்ட் டீச்சர்’. அதற்கும் முன்னால், தொண்டை நன்றாக இருந்த காலத்தில், வெறும் மொழிப்பாட டீச்சர். பட்டம் வைப்பதில் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. ஒருவரிடம் எது உறுத்துகிறதோ அதையே பிடித்துக்கொள்வார்கள். இந்த முறையும் அவர்கள் பிடித்தது சரியான இடம்தான். அந்தப் பசையால் கெட்டது வெறும் காகிதம் என்றால் இதை உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தொண்டை போனது வேலையில்தான். சாத்த முடியாத ஜன்னல், அதை ஒட்டியே லாரி போகும் சாலை, ஒரே வகுப்பில் அடைத்து உட்காரவைத்த பிள்ளைகள். இதற்கெல்லாம் மேலே கேட்கும்படி வருடக்கணக்காகக் கத்தியதில் உள்ளே முடிச்சு விழுந்துவிட்டது. “இனிமே நீங்க சத்தம் போட்டுப் பேசவே கூடாது,” என்றார் டாக்டர். “அப்போ நான் டீச்சரா எப்படி இருக்கறது?” என்று கேட்டார் டீச்சர். டாக்டர் நல்ல ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

பள்ளியில் யோசித்துப் பார்த்தார்கள். வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால் பந்தும் வலையும் போட்டுவைத்திருந்த அறையைக் காலிசெய்தார்கள். எங்கெங்கோ பீரோக்களில் தூசு தின்றுகொண்டிருந்த புத்தகங்களை அள்ளி வந்து அங்கே கொட்டி, “இதுதான் லைப்ரரி, நீங்கதான் பொறுப்பு,” என்றார்கள். ஒருவரை ஓரங்கட்டுவதை இவ்வளவு மரியாதையாகவும் செய்யலாம்.

டீச்சரோ அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வேலையாகப் பீரோ பூட்டுகளைக் கழற்றி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். சின்ன வயதில் கணக்குப் புத்தகத்துக்குள் கதைப்புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்து, அப்பாவிடம் முதுகில் வாங்கியவர் அவர். அடி மறந்துபோயிற்று. அப்பா பிடுங்கிக்கொண்டுபோன அந்தக் கதையில் அப்புறம் என்ன ஆயிற்று என்பது மட்டும் இந்த வயதிலும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அந்த அரிப்பைப் பிள்ளைகளுக்கு எப்படியாவது ஒட்டவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு ஆசை. பெரிய ஆசைதான். அப்போது அவருக்கு அது தெரியவில்லை.

ரிப்போர்ட் அவருடைய யோசனை. ஒரு புத்தகம் படித்து முடித்ததும் அரைத் தாளில் எழுதித் தர வேண்டும். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, யாரிடம் இந்தக் கதையைச் சொல்வாய், இவ்வளவுதான் கேள்வி. மார்க் கிடையாது. முதல் வருடம் பிள்ளைகள் அடித்து விளையாடினார்கள். ‘இதில் வரும் மாமா எங்கள் மாமா மாதிரியே கஞ்சன்’ என்று ஒருவன் எழுதினான். ‘இந்த ராஜாவுக்கு மூளையே இல்லை, நான் ராணியாக இருந்தால் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பேன்’ என்று ஒருத்தி எழுதினாள். டீச்சர் அவற்றைச் சுவரெல்லாம் ஒட்டினார்.

அந்தச் சுவரைத் தலைமையாசிரியை ஒருநாள் பார்த்துவிட்டார். எல்லோரும் அவரைப் பெரிய மேடம் என்பார்கள். நல்ல மனசுக்காரர்தான். நல்ல மனசால் விளைகிற கெடுதலுக்கு மருந்து கிடையாது. “அருமையா இருக்கு டீச்சர்! இதை இப்படியே விடக்கூடாது. இதுக்குப் பத்து மார்க் வைப்போம்,” என்றார். டீச்சர் ஏதோ சொல்லவந்தார். குரல் வெளியே வருவதற்குள் சுற்றறிக்கை போய்விட்டது.

மார்க் என்று காதில் விழுந்ததுமே பிள்ளைகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஓ, இதுவும் பாடம்தான். அதற்கப்புறம் வந்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே அச்சு. ‘இந்தப் புத்தகம் மிகவும் நன்றாக இருந்தது. இதில் வரும் பாத்திரங்கள் மிகவும் நன்றாக இருந்தனர். இதை அனைவரும் படிக்க வேண்டும்.’ பின்னட்டையில் இருப்பதை அப்படியே இறக்கிவைத்தவர்கள் பாதி. அவர்களைப் பார்த்து எழுதியவர்கள் மீதி. அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்துப்போன ஒருவன், ‘இந்த அகராதியின் முடிவு என் கண்களைக் குளமாக்கியது’ என்று எழுதிக் கொடுத்தான். டீச்சர் சிரித்தார்.

வருடம் போகப் போக அது சிரிக்கிற விஷயமாகவும் இல்லாமல் போயிற்று. அவர் என்னென்னவோ செய்து பார்த்தார். ரிப்போர்ட்டுக்குப் பதிலாகப் படம் வரையச் சொன்னார். அட்டைப்படத்தைப் பார்த்து வரைந்து கொடுத்தார்கள். வாயால் சொல்லச் சொன்னார். மனப்பாடம் செய்துவந்து ஒப்பித்தார்கள். வீட்டில் படுத்தால் தூக்கம் இல்லை. “பிள்ளைங்களுக்குக் கதை பிடிக்காம போகுமாங்க? நான்தான் எங்கயோ கெடுத்துட்டேன்,” என்று புலம்புவார். அவருடைய வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மேற்பார்வையாளர். எதையும் இலேசாக எடுத்துக்கொள்கிற ஆள்.

“ஊருக்கெல்லாம் படி படின்னு சொல்றியே, நீ கடைசியா எந்தப் புத்தகத்தைப் படிச்சே?” என்று கேட்டார் அவர்.

“ஆமா, உங்களுக்கும் ஆக்கிப் போட்டு, இந்த ரிப்போர்ட்டையெல்லாம் திருத்தி முடிச்சா எனக்கு எங்கே நேரம் இருக்கு?”

“அதானே, டிரைவருக்கு டிக்கெட் எதுக்கு,” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கடைசி வருடம் தொடங்கியபோது பெரிய மேடம் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“டீச்சர், நான் உங்களுக்கு எதிரி இல்ல. ஆனா பெத்தவங்க வந்து கேக்கறாங்க. லைப்ரரி பீரியட்ல கணக்கு நடத்தலாமே, அந்த ரூம்ல தேர்வுக்குத் தனிப்பயிற்சி வைக்கலாமேன்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல? ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, மார்க்குக்காக இல்லாம ஆசையா படிக்குதுன்னு காட்டுங்க. அதைக் காட்டியே எல்லார் வாயையும் நான் அடைச்சிடறேன். இல்லேன்னா பருவம் முடிஞ்சதும் ரூமைக் குடுத்துட வேண்டியதுதான்.”

“அப்போ நான்?”

“பழையபடி வகுப்புக்குப் போங்க. தொண்டைக்குக் கஷ்டமா இருந்தா மைக் வாங்கித் தரோம்.”

ஒரே ஒரு பிள்ளை. டீச்சர் அதையே முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். படிக்கிற பிள்ளை எது, படித்ததாக நடிக்கிற பிள்ளை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாப்பிடும்போது வீட்டுக்காரர் டிப்போக் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். டயரைக் கழற்றி மாட்டச் சொன்னால் சிலர் கழற்றாமலேயே கழற்றிவிட்டேன் என்பார்களாம். அதனால் சக்கரத்தில் நட்டின் மேலே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிடுவாராம். “கோடு அப்படியே இருந்தா பய கையே வைக்கலன்னு அர்த்தம். வாயைத் திறக்க முடியாது.”

டீச்சரின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அடுத்த விடுமுறை நாள் முழுவதும் அவர் லைப்ரரியில் இருந்தார். தீக்குச்சி நுனியில் பசையைத் தொட்டு, ஒவ்வொரு புத்தகத்திலும் நடுவில் எதிரெதிராக இருக்கும் இரண்டு பக்கங்களின் வெளி ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து அழுத்தினார். புரட்டிப் பார்க்கிறவனுக்கு அது ஒரே தாள் மாதிரிதான் தெரியும். உண்மையில் படித்துக்கொண்டு வருகிறவனுக்குக் கதை அங்கே அறுந்துபோகும், விரலை விட்டு இழுத்துப் பிரிப்பான். ஒட்டியது ஒட்டியபடி திரும்பி வந்தால் பயல் படிக்கவில்லை. அடுத்த புத்தகம், அடுத்த புத்தகம் என்று கை ஓடியது. நடுப்பக்கம் எது என்று மட்டும் கண் பார்த்துக்கொண்டது. ஒரு வரியைக்கூட அவர் படிக்கவில்லை. தான் செய்வது என்ன என்று அந்த நேரத்தில் அவருக்கு ஒரு கணம் தோன்றியிருந்தால் போதும். தோன்றவில்லை.

புத்தகங்கள் போயின, வந்தன. வாங்கியதும் டீச்சர் முதலில் நடுப்பக்கத்தைத்தான் பார்ப்பார். ஒட்டியபடி இருந்தது. அடுத்ததும் ஒட்டியபடி. அவற்றோடு வந்த தாள்களில் எல்லாமே மிகவும் நன்றாக இருந்தன. டீச்சர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டே வந்தார். பிரிந்து வந்த புத்தகம் ஒன்றே ஒன்று. ஆசையோடு எடுத்துப் பார்த்தால், அதற்குள் யாரோ பட்டாணி மடித்த காகிதத்தை வைத்திருந்தார்கள்.

எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அதனால் வகுப்பில் அவளுக்குப் பூனை என்று பெயர். இடைவேளை மணி அடித்தால் மற்றவர்கள் மைதானத்துக்கு ஓடுவார்கள், இவள் லைப்ரரிக்கு வந்துவிடுவாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் உட்கார்ந்துகொள்வாள். அவளுடைய அம்மா பாட்டில் கழுவும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர். போன வருடம் இவள் எடுத்துப்போன ஒரு புத்தகம் மழையில் ஓரம் நனைந்துவிட்டது. ‘புத்தகம் கிழிந்தாலோ நனைந்தாலோ பெற்றோர் நேரில் வர வேண்டும்’ என்று டீச்சரே அழகான கையெழுத்தில் எழுதி வாசலில் மாட்டிய பலகை ஒன்று உண்டு. அதன்படி அந்த அம்மா ஒரு ஷிஃப்டை விட்டுவிட்டு வந்து, லைப்ரரி வாசலில் தலைகுனிந்து நின்று, இனி இப்படி நடக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் கோபமாக ஒன்றும் பேசவில்லை. விதி விதிதானே என்று நினைத்துக்கொண்டார். பூனை பக்கத்திலேயே நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய மேடம் கேட்ட அந்த ஒரு பிள்ளை இவளாகத்தான் இருக்கும் என்று டீச்சர் மனதுக்குள் முடிவே கட்டியிருந்தார். அவள் இந்த முறை எடுத்துப்போனது ஒரு பழைய கதைப்புத்தகம், கடிகாரக் கோபுரத்தில் வேலை பார்க்கும் ஒரு மனிதரின் கதை. அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்காக டீச்சர் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

அந்த நாள் வந்தது. வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது. பூனை வந்து புத்தகத்தையும் ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்தாள். டீச்சர் நடுப்பக்கத்தைத் திறந்தார்.

ஒட்டியபடி இருந்தது.

மற்றவர்கள் ஏமாற்றியபோது அவருக்குச் சலிப்புதான் வந்தது. இவள் ஏமாற்றிவிட்டாள் என்றதும் காலடியில் தரை நழுவிய மாதிரி ஆகிவிட்டது. இவளும் இல்லையென்றால் வேறு யாருமே இல்லை.

“முழுசா படிச்சியா?” என்று கேட்டார்.

“படிச்சேன் டீச்சர்.”

“பொய் சொல்லாதே. முழுசா படிச்சியா?”

“படிச்சேன் டீச்சர்.”

டீச்சர் புத்தகத்தைத் தூக்கி வகுப்புக்குக் காட்டி, ஒட்டிய தாளை விரலால் சுண்டினார். “அப்போ இது என்ன?”

பூனையின் முகம் வெளுத்துப்போயிற்று. “நான் ஒட்டல டீச்சர். நிஜமா நான் ஒட்டல. எடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு.”

வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் டீச்சருக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “நீ ஒட்டலடி, நான்தான் ஒட்டினேன்! நீங்க எல்லாரும் படிக்கறீங்களா, இல்ல என்னை ஏய்க்கறீங்களான்னு பாக்க நான்தான் ஒட்டினேன்! உன்னையாவது நம்பினேன். நீயும் அவங்கள மாதிரித்தான். போ, போய் உக்காரு!” டாக்டர் போடக்கூடாது என்று சொன்ன சத்தம் அத்தனையும் அன்று மொத்தமாக வெளியே வந்தது. கடைசி வார்த்தையில் குரல் கீச்சென்று உடைந்தது. வகுப்பு முழுவதும் சிரித்தது. ‘பசை டீச்சர்’ பிறந்தது அன்றுதான்.

பூனை மேசைமேல் கிடந்த தன் ரிப்போர்ட்டை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள். டீச்சர் அவளுடைய ரிப்போர்ட்டின் மேல் பேனா தாளில் இறங்குகிற மாதிரி ஒரு பூஜ்யம் போட்டு, கட்டோடு கட்டாக வைத்தார்.

மறுநாள் இடைவேளையில் பீரோ இடுக்கு காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் போவதற்குள் லைப்ரரி அட்டை ஒன்று டீச்சரின் மேசையில் கிடந்தது. யார் எப்போது வைத்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. டீச்சர் அதை எடுத்து இழுப்பறையில் போட்டார். படிக்காத பிள்ளைக்கு அட்டை எதற்கு என்றுதான் அப்போதும் நினைத்தார்.

பருவத்தின் கடைசி நாள் வந்தது. ஆட்கள் வந்து அறையை அளந்துகொண்டு போனார்கள். சாயங்காலம் பீரோக்களைக் கீழே இறக்கப் பியூன் அண்ணன் ஆள் சொல்லிவைத்திருந்தார். அன்று மதியம், எடைக்குப் போடுவதற்காக ரிப்போர்ட் கட்டுகளை டீச்சர் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தூக்கிப் போடுகிறபோதுதான் மனிதனுக்கு எதையும் பார்க்கத் தோன்றும். மேலாக இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மிகவும் நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது. பிறகு அந்தப் பூஜ்யம் வந்தது. பேனா குத்திய இடத்தில் தாளில் ஓட்டையே விழுந்திருந்தது. கீழே சின்னச் சின்ன எழுத்தாக, தாளின் இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள்.

‘இந்தக் கதையில் கோபுரத்துக்காரர் தினமும் சாயங்காலம் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடியும் ஓடவிடுகிறார். ஏன் என்று ஒரு சின்னப் பையன் கேட்கிறான். அவர் பதில் சொல்கிற இடத்தில் இரண்டு பக்கம் ஒட்டியிருந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் என்று பயந்து பிரிக்கவில்லை. கிழிந்தால் அம்மா வர வேண்டும். அதனால் மேலே வளைத்து மேலிருந்து பார்த்தேன். கீழே வளைத்துக் கீழிருந்து பார்த்தேன். எல்லாம் படித்துவிட்டேன். ஓரத்தில் பதில் இருக்கிற இடம் மட்டும் தெரியவில்லை. யாரோ ஒருத்தர் ஓடி வந்துகொண்டிருக்கிறார், அவர் வந்து சேரட்டும் என்றுதான் நிறுத்துகிறார் என்று நான் நினைக்கிறேன். எங்கள் அம்மா ஷிஃப்டுக்கு ஓடும்போது எனக்கும் யாராவது கடிகாரத்தை நிறுத்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றும். எனக்குப் பிடித்தது கோபுரத்துக்காரர். பிடிக்காதது ஒட்டியிருந்தது. அந்த இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று டீச்சர் எனக்குச் சொல்ல வேண்டும்.’

டீச்சர் எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். ஒட்டிய பக்கங்களை மேல்புறத்தில் மெதுவாக வளைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். எழுத்து தெரிந்தது. கழுத்தை ஒடித்துக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பி, வரி வரியாகப் படிக்கலாம். ஒரு குழந்தை அப்படிப் படித்திருக்கிறாள். படித்துவிட்டுக் கேள்வியும் கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் படிப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்பியவர் அவள் எழுதியதை ஒரு தரம்கூடப் படித்துப் பார்க்கவில்லை. “அடிப்பாவி, அடிப்பாவி,” என்று தன்னையே திட்டிக்கொண்டு, கயிறும் கத்தரிக்கோலும் கிடந்த தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். குரல்கூடச் சரியாக வரவில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய மேடத்திடம் ஓடினார். அவர் கேட்ட அந்த ஒரு பிள்ளை கிடைத்துவிட்டாளே! நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பெரிய மேடம் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க டீச்சர். இதை வச்சு நான் பேசிப் பாக்கறேன்.”

பூனை வந்து சுவரோரமாக நின்றாள். டீச்சரின் பக்கம் திரும்பவே இல்லை.

“இதை நீதானே எழுதினே?” என்று கேட்டார் பெரிய மேடம்.

“ஆமா மேடம்.”

“ரொம்ப நல்லா எழுதியிருக்கே. உனக்குப் புத்தகம் படிக்கறதுன்னா அவ்வளவு பிடிக்குமா?”

“பிடிக்காது மேடம்.”

“பயப்படாம சொல்லு. பிடிக்காம இப்படி எழுத முடியுமா?”

“அப்போ பிடிச்சுது மேடம்,” என்றாள் பூனை.

அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இல்லை. பெரிய மேடம் ரிப்போர்ட்டை மடித்து டீச்சரின் கையிலேயே கொடுத்தார். “நான் என்ன செய்ய டீச்சர்? நீங்களே சொல்லுங்க,” என்றார்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் டீச்சர் அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார். “தப்பு என்மேலதான்மா. நீ படிச்சிருக்கே. நான்தான் நீ எழுதினதைப் படிக்கல. உன்னைப் பொய் சொல்றேன்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடு.”

“பரவாயில்ல டீச்சர்.”

அதைக் கேட்டு டீச்சருக்கு இன்னும் பயமாகிவிட்டது. கோபித்துக்கொண்டாலாவது ஏதாவது மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். “ஒரு நிமிஷம் லைப்ரரிக்கு வாயேன். நீ கேட்டியே, அந்த இடத்துல என்ன இருக்குன்னு, அதை ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துடலாம். அப்புறம் போ.”

பூனை வந்தாள். பெரியவர்கள் கூப்பிட்டால் வர வேண்டும் என்பதற்காக வந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் டீச்சர் புத்தகத்தை மேசையில் வைத்துத் திறந்ததும் அவளுடைய கை தன்னை அறியாமல் நீண்டது.

“வேணாம் டீச்சர், கிழிஞ்சிடும்.”

“கிழிஞ்சா நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லி டீச்சர் ஸ்டீல் ஸ்கேலை நுழைத்தார்.

பழைய தாள், உறிஞ்சுகிற தாள். பசை அதற்குள் நன்றாக ஊறியிருந்தது. மெதுவாகத்தான் இழுத்தார். ஆனாலும் வலப்பக்கத்துத் தாள் தோல் உரிந்துகொண்டு வந்தது. ‘எதற்கு நிறுத்துகிறேன் என்றா கேட்கிறாய்?’ என்று கோபுரத்துக்காரர் பையனின் காதருகே குனிகிறார். குனிந்து சொன்ன இடத்தில், ஒரு பொட்டு அகலத்துக்கு, வெள்ளை நார் மட்டும் இருந்தது. எழுத்து எதிர்ப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு பசையில் கரைந்து கறையாகியிருந்தது. அடுத்த வரியில் பையன் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான். டீச்சர் கறையை வெளிச்சத்தில் பிடித்தார், சாய்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

“அங்க என்ன டீச்சர் இருந்துச்சு?” என்றாள் பூனை.

டீச்சர் அந்த வெள்ளைப் பொட்டை விரலால் தடவினார்.

“மறந்துட்டீங்களா?”

தப்பித்துக்கொள்ள அந்தக் கேள்வி ஒன்று போதும். ஆமாம்மா, படித்து ரொம்ப நாளாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் நம்பியும் இருப்பாள். டீச்சர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

“மறக்கல. நான் இதைப் படிச்சதே இல்ல.”

பூனை முதல்முறையாக அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “இத்தனை புத்தகத்தையும் ஒட்டினீங்களே டீச்சர்?”

“ஒட்டினேன். ஒண்ணுகூடப் படிக்கல.”

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பீரோவைப் பார்த்தாள், தான் உட்காரும் இடுக்கைப் பார்த்தாள், மறுபடியும் டீச்சரைப் பார்த்தாள். பள்ளி வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள், அந்தப் பலகைக்குக் கீழே நின்று திரும்பினாள்.

“அந்தப் பக்கத்தை மட்டும் பாத்தா ஒண்ணும் புரியாது டீச்சர். முதல்லேருந்து படிக்கணும்.”

“படிச்சா நீ திரும்ப வருவியா?”

“இந்த ரூமே இருக்காதே டீச்சர்,” என்றாள் பூனை. சொல்லிவிட்டுப் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அவரு எதுக்கு நிறுத்தினாருன்னு உங்களுக்கு என்ன தோணுதுன்னு மட்டும் எழுதி வைங்க. நான் பாக்கறேன்.”

போய்விட்டாள். போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

பியூன் அண்ணன் இரண்டு ஆட்களோடு வந்தபோது டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தில் இருந்தார். “டீச்சர், பீரோவை எடுக்கணுமே.” “எடுங்க அண்ணே.” புத்தகங்களைத் தரையில் அடுக்கினார்கள். பீரோக்கள் ஒவ்வொன்றாகத் தரையைக் கீறிக்கொண்டு வெளியே போயின. பலகையைக் கழற்றினார்கள். மேசையைத் தூக்கினார்கள். அறையில் வெறும் குரல்கூட எதிரொலித்தது. “டீச்சர், கோவிச்சுக்காதீங்க, அந்த நாற்காலியும் கணக்குல இருக்கு,” என்றார் பியூன் அண்ணன்.

டீச்சர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். கோபுரத்துக்காரர் அப்போதுதான் முதல்முறையாகப் படியேறிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைப் பொட்டுக்கு இன்னும் நிறையப் பக்கங்கள் இருந்தன. ஜன்னல் பக்கம் வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அங்கே போய் நின்றபடியே அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.